பிளாஸ்டிக்கில் ஆண்டிஆக்சிடண்டை அதிகமாகப் போட்டால் நீண்ட நாள் உழைக்குமா?

சொந்தமாக மோல்டிங் செய்கிறீர்கள் போலிருக்கிறது. உடைந்து திரும்பி வந்த சாமானைப் பார்த்த எரிச்சலில்தான் கேட்டிருப்பீர்கள். சூட்டிலும் காற்றிலும் பிளாஸ்டிக் கெடாமல் காக்கும் பொருள் அது, போடத்தான் வேண்டும், ஆனால் அள்ளிப் போடக் கூடாது. பாலிப்ரொப்பிலீனுக்குப் பொதுவாக 0.1, 0.2 சதவீதமே போதும். அதில் பாஸ்பைட் வகை, 200 டிகிரிக்கு மேல் உருகும்போது மெஷினுக்குள் காப்பாற்றும். பீனால் வகை அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் காக்கும். வெயிலுக்கு இரண்டும் பத்தாது, அதற்கு லைட் ஸ்டெபிலைசர் தனியாகப் போட வேண்டும்.

அதிகம் போட்டால் என்ன ஆகும் என்பதை சிங்கப்பூரில் துவாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்தபோது பார்த்தேன். வெள்ளை மூடிகள், வெயிலே படாமல் கிடங்கில் இருந்தவை, மஞ்சளாகிவிட்டன. மேனேஜர் உடனே ரெசின், அதாவது பிளாஸ்டிக் மூலப்பொருள், விற்றவனைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். நான் அடுக்கைப் பிரித்துப் பார்த்தேன்: மேல் மூடியும் ஓரங்களும்தான் மஞ்சள், உள்ளே இருந்ததெல்லாம் பால் வெள்ளை. அதுவும் லோடிங் பே பக்கம் இருந்த பேலட்டுகளில் மட்டும். அங்கேதான் டீசல் ஃபோர்க்லிஃப்ட் நாள் முழுக்க நிற்கும். புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடு பீனாலோடு சேர்ந்தால் மஞ்சள் நிறம் வரும், BHT என்கிற மலிவான பீனால் வகையில் இது ரொம்ப அதிகம். எங்கள் கலவையிலோ அதைத் தாராளமாகப் போட்டிருந்தார்கள். சந்தேகம் தீர ஒரு மூடியை வெயிலில் வைத்தேன், மஞ்சள் தானாக வெளுத்துவிட்டது. ரெசினே கெட்டிருந்தால் அப்படி வெளுக்காது.

ஐ.டி.இ. என்கிற தொழிற்கல்வி படித்தவனுக்குக் கெமிஸ்ட்ரி எதற்கு என்று யாராவது வருவீர்கள், வாருங்கள். எல்லா மஞ்சளும் புகையால் வருவதில்லை, மெஷினில் பிளாஸ்டிக் உருகும் பேரலில் சூடு ஏறினாலும் வரும், அதுவும் தெரியும். ஆனால் அன்று கண்டுபிடித்தது நான். மேலிடத்துக்குப் போன மின்னஞ்சலில் மேனேஜர் பெயர் மட்டும்தான் இருந்தது. அளவைக் குறைத்தார்கள், பேட்டரி ஃபோர்க்லிஃப்ட் வாங்கினார்கள், அப்புறம் அந்தப் புகார் வரவில்லை.

புகை என்றதும் இன்னொன்று. சிங்கப்பூரில் வண்டியை நிறுத்திவிட்டு இன்ஜினை ஓடவிடுவது சட்டப்படி குற்றம். எங்கள் புளோக் கீழே ஒருவர் தினமும் ஏர்கானைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்து போன் பார்க்கிறார், இரண்டாம் மாடியில் காயும் என் துணியெல்லாம் டீசல் வாசம். இறங்கிப் போய்ச் சொன்னால், "அங்கிள், உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்கிறார்.