பாதிக் கணக்குப் பிழைக்கும் இடம்

வணக்கம் ஐயா,

நெல்லில் பங்கசு எனும் பூஞ்சணத்தால் வரும் எரிபந்த நோய் பற்றிய கட்டுரையில், பங்கசில் ஒடுக்கற்பிரிவு (பரம்பரைத் தகவலைப் பாதியாக்கும் கலப்பிரிவு) நடந்தால் ஒரு பெற்றோரின் எந்த அடையாளமும் பிள்ளைகளில் சரிபாதிக்குத்தான் வரும் என்று எழுதியிருந்தீர்கள். ஏ.எல். வகுப்பில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். கம்பஸில் விவசாயம் படிக்கும் என் பழைய மாணவி, கோதுமையைத் தாக்கும் ஒரு பங்கசில் இந்தக் கணக்குப் பிழைக்கிறது என்கிறாள். உண்மையா?

வாசகி, மண்டூர்

அன்புள்ள டீச்சர்,

மாணவி சொன்னது சரி. 'எந்த அடையாளமும்' என்று நான் எழுதியதுதான் பிழை.

அந்தப் பங்கசின் பெயர் சைமோசெப்டோரியா டிரிடிசி. கோதுமை இலையைத் திட்டுத் திட்டாகக் கருகவைக்கும். நமக்குக் கோதுமை மாவாகி மூட்டையில் வருவதால் வயலில் அதைக் கண்டிருக்க மாட்டோம். அதிகம் ஆராயப்பட்ட வகையில் 21 நிறமூர்த்தங்கள், அதாவது பரம்பரைத் தகவலைச் சுமக்கும் இழைகள். அவற்றில் 13 கட்டாயம் வேண்டும். சின்னதான மற்ற 8 இல்லாவிட்டாலும் பங்கசு பிழைத்துக்கொள்ளும். குழப்பமெல்லாம் இந்த எட்டில்தான்.

இரு பெற்றோர் கலந்து உண்டாகும் வித்திகள்தான் இந்தப் பங்கசின் பிள்ளைகள்; ஒரு பையில் 8 வித்திகள். பெற்றோரில் ஒன்றிடம் மட்டும் உள்ள நிறமூர்த்தம் 4 வித்திகளில் இருக்கவேண்டும். 2018இல் ஹாபிக், ஸ்டுக்கென்பிராக் ஆய்வுக் குழுவினர் கலப்புச் செய்து பார்த்தார்கள். அது தாய்ப்பக்கத்திலிருந்து வந்தபோது பாதிக்கு மேல், பல பைகளில் எட்டு வித்திகளிலுமே இருந்தது. அதே வகையைத் தந்தை இடத்தில் வைத்தால் பழையபடி பாதிதான். ஜோடியில்லாத நிறமூர்த்தம் இன்னொரு தரம் தன்னைப் படியெடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். இரு பெற்றோரிடமும் இருந்தாலோ கதை தலைகீழ். எல்லாப் பிள்ளைக்கும் வரவேண்டியது சிலதில் தொலைந்துபோகிறது. ஒரு பக்கம் தொலைந்தும் அவை அழியாமல் நிற்பதற்கு மறுபக்கத்து வரவு ஒரு காரணமாகலாம்.

மட்டக்களப்பான் நான் இதில் சறுக்கியதுதான் வெட்கம். குடி என்ற குலப்பிரிவு நமக்குத் தாய்வழி. கோயிலில் குடி கேட்டால், பாதி தகப்பன் குடி என்று எவராவது சொல்வாரா?

எரிபந்தப் பங்கசின் சில வகைகளிலும் இப்படிச் சின்ன நிறமூர்த்தங்கள் உண்டு. ஆனால் நம் நெல் வட்டைகளில் அது பரவுவது காற்றில் போகும் இலிங்கமில் வித்திகளால். அங்கே தாயுமில்லை, தந்தையுமில்லை, பாதிக் கணக்குக்கே வேலையில்லை. கட்டுரையில் நான் முதலில் சொல்லியிருக்கவேண்டியது அதைத்தான்.

பரீட்சையில் பிள்ளைகள் பாதி என்றே எழுதட்டும், இல்லாவிட்டால் புள்ளி போய்விடும். கட்டுரையைத் திருத்திவிட்டேன். மாணவிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.