ஆறு மாதத்தில் ராணுவ அதிகாரி

கேள்வி: எங்கள் பெரியப்பா 1963-இல் பரங்கிமலையில் ஆறே மாதம் பயிற்சி பெற்று ராணுவ அதிகாரியானாராம். அது சாத்தியமா? (வாசகர், ராயபுரம்)

பதில்: சாத்தியமே. 1962 சீனப் போரின்போது இளம் அதிகாரிகள் போதாமையால், அவசரகால கமிஷன் (அதிகாரி நியமனம்) என்ற ஏற்பாட்டில் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, மறு ஆண்டே சென்னையிலும் புனேயிலும் தொடங்கிய பயிற்சிப் பள்ளிகளில் ஏறத்தாழ ஆறு மாதத்தில் அதிகாரிகளாக உருவாக்கினார்கள். பயிற்சிதான் சுருங்கியது; ஆனால் அதற்கு ஆள் எடுக்கும் தேர்வு வாரியத்தின் முறை வழக்கமான எழுத்துத் தேர்வு போன்றதல்ல, வேறு ரகம். பலகை, கயிறு, பீப்பாய் ஆகியவற்றைக் கொடுத்து, தரையில் கால் படாமல் குழுவாகத் தடையைக் கடக்கச் சொல்வார்கள்; கடந்தார்களா என்பதைவிட, யார் பேச்சுக்கு மற்றவர்கள் செவிசாய்த்தார்கள் என்பதையே தேர்வாளர் கவனிப்பார். (திருவொற்றியூர் குப்பத்தில் படகு இழுக்கும்போது குரல் கொடுப்பவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.) தேறிப் பயிற்சியும் முடித்தவர், அன்றைய தொடக்க அதிகாரிப் பதவியான செகண்ட் லெப்டினன்ட்டாகச் சுமார் முப்பது ஜவான்களுக்குப் பொறுப்பேற்றார். இப்படி வந்த அதிகாரிகளில் பலர் 1965-இல் பாகிஸ்தானுடனான போரில் போர்முனையில் இருந்தார்கள்.