‘ஃபேபி’ ஸ்கேன் ஆய்வில் அம்மாவைச் சேர்க்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. இரைப்பைப் புற்றுநோய் என்று பயாப்சியில் உறுதியாகியுள்ளது. பெட் ஸ்கேனில் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை என்பதால், ‘ஃபேபி’ என்ற புதிய மருந்தைச் செலுத்தி ஸ்கேன் எடுக்கும் ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். சேரலாமா? முடிவை நம்பலாமா?

பதில்: வழக்கமான பெட் ஸ்கேனில் செலுத்தப்படும் எஃப்டிஜி என்ற மருந்து குளுக்கோஸைப் போன்றது, சர்க்கரையை வேகமாக உறிஞ்சும் கட்டிகளே அதில் பளிச்சென்று தெரியும். இரைப்பைப் புற்றுநோயில் சில வகைகள் அதைக் குறைவாகவே உறிஞ்சுவதால், ‘எதுவும் தெரியவில்லை’ என்பதை ‘நோய் பரவவில்லை’ என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் உருவான ஃபேபி, கட்டியைச் சூழ்ந்திருக்கும் நார்த்திசுச் செல்களிலுள்ள ஒரு புரதத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. வயிற்றின் உட்சவ்வில் பரவிய நோயைக் காட்டுவதில் அது எஃப்டிஜியை மிஞ்சுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன.

ஆனால் அதே புரதம் ஆறிவரும் காயத்திலும், தேய்ந்த மூட்டிலும், கணைய அழற்சியிலும் இருக்கிறது. அம்மாவுக்கு மூட்டுவலி இருந்தால் முழங்காலும் ஒளிரக்கூடும். ஒளிரும் இடங்களில் எத்தனை உண்மையில் புற்று என்று கண்டறிவதுதான் இத்தகைய ஆய்வின் வேலை. ஆகவே, புதிதாக ஒரு புள்ளி தெரிந்தால் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே கேமராவைச் செலுத்தி வயிற்றுக்குள் பார்ப்பது) அல்லது பயாப்சி மூலம் உறுதிசெய்வார்களா என்று முதலில் கேளுங்கள். அப்படி உறுதிசெய்யாமல், அந்த ஒரு படத்தை மட்டும் வைத்து அறுவை சிகிச்சையைக் கைவிடுவதை நான் ஏற்கமாட்டேன். புராஸ்டேட் புற்றுநோய்க்கான பிஎஸ்எம்ஏ ஸ்கேனும் இப்படிச் சோதிக்கப்பட்டதே: ஆஸ்திரேலியாவில் 302 ஆண்களிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில் அதன் துல்லியம் 92 சதவீதம், வழக்கமான ஸ்கேன்களுடையது 65 சதவீதம்.

பாதுகாப்பைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. செலுத்தப்படும் மருந்து மைக்ரோகிராம் அளவுதான். அதில் காலியம்-68 என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்திருந்தால், 68 நிமிடத்துக்கு ஒருமுறை கதிரியக்கம் பாதியாகக் குறைந்து மறுநாளுக்குள் அநேகமாக இல்லாமல் போகும். கூடவே எடுக்கப்படும் சிடி ஸ்கேனின் கதிர்வீச்சும் கணக்கில் சேரும்.

ஒப்புதல் படிவத்தை முழுக்கப் படியுங்கள் (‘இலவச ஸ்கேன்’ என்ற வரியோடு நிறுத்திவிடுவோர் அதிகம்). நெறிமுறைக் குழுவின் அனுமதி, சிடிஆர்ஐ (இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண், பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும், விலகினாலும் வழக்கமான சிகிச்சை தொடரும் என்ற உறுதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். தொடக்கநிலை ஆய்வுகளில் ஒரே நாளில் பலமுறை படமெடுத்து ரத்தமும் எடுப்பார்கள்; சரியாகச் சாப்பிட முடியாமல் மெலிந்திருப்பவருக்கு அது பெரும் சிரமம். இவை எல்லாம் சரியாக இருந்தால் சேரலாம். ஸ்கேன் தேதிக்காகக் கீமோதெரபி வாரக்கணக்கில் தள்ளிப்போகும் என்றால் வேண்டாம்.