ஜிமிக்கி ஏன் சூளையில் வெடிக்கிறது?

கேள்வி: வீட்டிலேயே டெரகோட்டா ஜிமிக்கி செய்து பழகுகிறேன். ஒரு வாரம் நிழலில் காயவைத்து, மண்பானையில் உமி நிரப்பிச் சுடுகிறேன். பாதிக்கு மேல் வெடித்துவிடுகின்றன. தப்பியவற்றில் கொக்கியைச் சுற்றி விரிசல். மண்ணை மாற்ற வேண்டுமா?

பதில்: மண்ணை மாற்றும் முன், சாம்பலில் கிடக்கும் துண்டுகளை எடுத்துப் பாருங்கள். சிப்பி சிப்பியாகத் தெறித்திருந்தால் ஈரம்தான் காரணம். கோடு போட்டதுபோல் ஒரே விரிசலாகக் கிழிந்திருந்தால், சூடு ஆறும் முன்பே வெளியே எடுத்திருக்கிறீர்கள். நீங்கள் சொல்வது முதல் வகை என்றே நினைக்கிறேன்.

உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் வெடிக்கும் என்று பலரும் சொல்வார்கள். காற்று அவ்வளவு பொல்லாதது இல்லை. மண்ணுக்குள் மிச்சமிருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியதும் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் மண்ணைப் பிளந்துகொண்டு வருகிறது. அதற்காகப் பிசைவதில் சோம்பல் கூடாது. குமிழி உள்ள இடம் பலவீனமான இடம்தான்.

ஒரு வாரம் என்பது கணக்கே இல்லை. சித்திரையில் அது தாராளம். ஐப்பசி மழையில் பத்து நாளும் போதாது. காய்ந்த ஜிமிக்கியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. பெரும்பாலும் குடைப்பகுதி தப்பிவிடும், அடியில் தொங்கும் உருண்டை மணிதான் முதலில் வெடிக்கும். வெளிப்புறம் காய்ந்து வெளுத்த பிறகும் அதன் நடுவில் ஈரம் தங்கிவிடுவதே காரணம். மணி ஈரமாக இருக்கும்போதே ஊசியால் குறுக்கே துளை போட்டுவிடுங்கள். குடையின் சுவரும் 3 மில்லிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். காதுக்கும் பாரம் குறையும்.

அப்புறம், காய்ந்ததை நேராக நெருப்பில் போடாதீர்கள். பழைய இரும்புச் சட்டியில் ஆற்றுமணலைப் பரப்பி, நகைகளை அதில் புதைத்து, அடுப்பைச் சிறு தீயில் வைத்து ஒரு மணி நேரமாவது சூடேற்றுங்கள். மேலே ஒரு எவர்சில்வர் தட்டைக் கொஞ்ச நேரம் பிடித்தால் முத்து முத்தாக ஈரம் படியும். அது படிவது நிற்கும்வரை பொறுங்கள். பிறகு சூடு ஆறுவதற்குள் பானைக்கு மாற்றுங்கள். ஒன்றோடொன்று முட்டாமல் உமிக்கு நடுவே அடுக்கி, மேலே வரட்டியை மூடித் தீ வையுங்கள். புகை கிளம்பும், மொட்டைமாடியில் செய்வதே நல்லது. பானையில் ஓட்டைகள் இருந்து காற்று ஓடினால் சிவப்பு வரும். புகை அடைந்தால் கறுப்பு. கறுப்பும் அழகுதான், வேண்டுமென்றே அப்படிச் சுடுபவர்களும் உண்டு.

எடுக்க அவசரப்படாதீர்கள். மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமம், 573 டிகிரியில் சட்டென்று அளவு மாறும். அந்த நேரத்தில் குளிர்காற்று பட்டால் விரிசல் நிச்சயம். இரவு முழுக்கப் பானையிலேயே ஆறட்டும். வெந்ததா என்று சந்தேகமா? ஒன்றைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். கரைந்து குழைந்தால் சூடு போதவில்லை.

கொக்கி விஷயத்துக்கு வருகிறேன். காயும்போது மண் சுருங்கும், கம்பி சுருங்காது. அதனால் கம்பியைச் சுற்றி மண் பிளக்கிறது. போதாததற்கு, மெல்லிய செம்புக் கம்பி நெருப்பில் கறுத்துப் பொருக்கு விட்டு உதிரும். ஈரமண்ணில் துளை மட்டும் போட்டுவைத்துவிட்டு, சுட்ட பிறகு கம்பியைக் கோர்த்து வளையுங்கள். துளையும் சுருங்கும் என்பதால், கம்பியைவிடக் கொஞ்சம் பெரிய ஊசியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலே வரும் தோட்டுக்குத் தண்டு ஒட்டுவதென்றால், அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் அடிக்காமல் விடுங்கள். பெயின்டின் மேல் ஒட்டினால் பெயின்டோடு சேர்ந்து பெயர்ந்து வரும். உப்புக்காகிதத்தால் லேசாகத் தேய்த்து, இரண்டு பசையையும் கலந்து ஒட்டும் எபாக்ஸியைத் தடவி, ஒரு நாள் அப்படியே விட்டுவிட்டு அப்புறம் காதில் போடுங்கள்.