கார் இங்கே பழகுவதா, அங்கே போய்ப் பழகுவதா?

கேள்வி: எனக்கு 26 வயது, இடம் கோண்டாவில். கணவர் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறார். பொன்சர் அலுவல் நடக்கிறது, இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் எடுக்கும் என்கிறார்கள். ஸ்கூட்டிக்கு லைசென்ஸ் எடுத்து நாலு வருடம். காரும் பழகிக்கொண்டு வா என்கிறார் கணவர். அம்மாவோ, இடது பக்கம் பழகிவிட்டு அங்கே வலது பக்கம் ஓடினால் குழப்பம்தான், அந்தக் காசை மிச்சம் பிடி என்கிறார். லேர்னர்ஸில் (கார் பழக்கும் இடத்தில்) விசாரித்தால் முழுக் காசையும் முன்னுக்கே கட்டச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: இங்கேயே பழகுங்கள். விசா வரட்டும் பார்ப்போம் என்று இருக்காமல் இந்த மாதமே தொடங்குங்கள்.

நீங்கள் போகிற ஒன்ராறியோ மாகாணத்தில் லைசென்ஸ் படிப்படியாகத்தான் கிடைக்கும். முதலில் எழுத்துப் பரீட்சை, அது ஜி1. அதன்பின் 12 மாதம் காத்திருந்து வீதிப் பரீட்சையில் சித்தியடைந்தால் ஜி2, பிறகு இன்னொரு வீதிப் பரீட்சையில் முழு ஜி. ஜி1 கையில் இருக்கும்வரை தனியாக ஓட முடியாது. நாலு வருட அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், 400 வரிசை இலக்கமுள்ள அதிவேக நெடுஞ்சாலைகளில் ஏற முடியாது, நடுச்சாமம் முதல் காலை ஐந்து மணிவரை ஓடவும் முடியாது. இலங்கை லைசென்ஸை நேரடியாக மாற்றித்தர மாட்டார்கள். ஆனால் இங்கே லைசென்ஸோடு ஓடிய காலத்தை அந்தக் காத்திருப்பில் கழித்துக்கொள்வார்கள். கடந்த மூன்று வருடத்துக்குள் 24 மாத அனுபவம் இருந்தால், கண் பரிசோதனையும் எழுத்துப் பரீட்சையும் முடித்து நேரே ஜி வீதிப் பரீட்சைக்கே போகலாம். ஆகவே உங்களுக்கு முக்கியம் லைசென்ஸில் விழுகிற திகதி. இங்கே எழுத்துப் பரீட்சை முடிந்து ட்ரயலுக்கு, அதாவது ஓடிக் காட்டுகிற பரீட்சைக்கு, போகவே மூன்று மாதம் ஓடிவிடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

உங்கள் லைசென்ஸின் பின்பக்கத்தை ஒருக்கால் பாருங்கள். எந்த வகுப்பு எந்தத் திகதியிலிருந்து என்று தனித்தனியாக இருக்கும். ஸ்கூட்டி ஓடிய நாலு வருடம் காருக்குச் சேராது, கனடாவில் மோட்டார் சைக்கிளுக்குத் தனி லைசென்ஸ் வரிசை. கார் வகுப்பு சேர்ந்த நாளிலிருந்துதான் உங்கள் கணக்கு ஓடத் தொடங்கும். லைசென்ஸ் கிடைத்ததும் அலுமாரியில் வைத்துவிடாமல் அப்பாவின் காரிலோ உறவுக்காரர் காரிலோ கிழமைக்கு ஒருதரமாவது ஓடுங்கள். ஆஸ்பத்திரி வீதி நெரிசலுக்குள்ளும் ஓட வேண்டும், ஏ9 வீதியில் கிளிநொச்சிவரை நீளமாகவும் ஓட வேண்டும்.

அம்மாவின் பயம் நியாயமானது. ஆனாலும் பக்கம் மாறுவது நாங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரிய சிக்கல் இல்லை. ஸ்டியரிங், பிரேக், கண்ணாடி பார்ப்பது, பின்னுக்கு எடுத்து நிறுத்துவது எல்லாம் கைக்கு வந்துவிட்டால் பக்கத்தைச் சில நாளில் பிடித்துக்கொள்ளலாம். மாற்றக் கஷ்டப்படுவது வேறு பழக்கங்கள். ஸ்டொப் பலகையில் ஒருவரும் இல்லாவிட்டாலும் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். வீதியில் ஒரு நிரையிலிருந்து அடுத்த நிரைக்கு மாறும்போது கண்ணாடி மட்டும் போதாது, தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்க வேண்டும். இங்கே கோர்ன் அடித்து வழி கேட்பதுபோல அங்கே கேட்க முடியாது. இவற்றுக்காகவும் பனியில் ஓடவும் அங்கே போய்ச் சில வகுப்புகள் எடுக்கத்தான் வேண்டும், அதற்கு ஒரு தொகை ஒதுக்கி வையுங்கள். ஆனால் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறவருக்குத் தேவைப்படுகிற அளவு தேவைப்படாது.

காசைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று. கலியாணம் முடித்துப் போகிற எத்தனையோ பெண்பிள்ளைகள், கடைக்கும் வகுப்புக்கும் வேலை நேர்முகத்துக்கும் கணவரின் லீவு நாளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மார்கழிக் குளிரில் பஸ்ஸுக்கு நிற்பதும் லேசில்லை. முதல் வருடத்தை அப்படிக் கழிக்காமல் இருக்க இப்போது உங்களிடம் நேரம் இருக்கிறது, அதை விடாதீர்கள்.

சரி, லேர்னர்ஸ் விஷயம். முழுக் காசையும் ஒரேயடியாகக் கட்ட வேண்டாம், தவணையாகத் தருகிறேன் என்று கேளுங்கள். எத்தனை வகுப்பு என்று அவர்கள் சொல்வதைவிட, ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்கப்போவது எத்தனை மணித்தியாலம் என்பதைக் கேளுங்கள். ஒரு காரில் நாலுபேரை ஏற்றிக்கொண்டு போனால் ஒரு மணித்தியால வகுப்பில் உங்கள் பங்கு கால் மணித்தியாலம்தான். அரசாங்கக் கட்டணம் அந்தத் தொகைக்குள் அடங்குமா, ட்ரயலுக்குக் கார் தருவதற்குத் தனிக் காசா, தவறினால் மறுபடி எவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பற்றுச்சீட்டு கேட்டால் தரத்தான் வேண்டும். தர மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லலாம்.

போவதற்கு முன் செய்யவேண்டிய இன்னுமொரு வேலை: 12 மாதத்துக்கு மேல் அனுபவம் காட்டுவதென்றால் ஒன்ராறியோவில் லைசென்ஸ் மட்டும் போதாது, அதை வழங்கிய அலுவலகத்தின் அல்லது தூதரகத்தின் உறுதிக் கடிதம் கேட்பார்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதை ஆங்கிலத்தில் எடுத்துக்கொண்டே விமானம் ஏறுங்கள். அங்கிருந்து ஆள் பிடித்து எடுப்பது வீண் அலைச்சல். அப்புறம், அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்: ஒன்ராறியோ எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம்.

கேள்வி: மகன் இரண்டு மாதத்தில் படிக்க லண்டன் போகிறான். அதற்குள் ட்ரயல் இல்லாமலே லைசென்ஸ் எடுத்துத் தரலாம் என்று ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கவே வேண்டாம். இரண்டு மாதத்துக்குள் முறையாக எடுக்க முடியாது. முறைகேடாக எடுத்தால் ஓடத் தெரியாத பிள்ளையின் கையில் லைசென்ஸைக் கொடுத்து அனுப்புகிறீர்கள்.

நேர்மையாக எடுத்திருந்தாலும் அவனுக்குப் பெரிய பயன் இல்லை. பிரித்தானியாவில் இலங்கை லைசென்ஸோடு குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் ஓடலாம். அதற்குப் பிறகு அந்த நாட்டு லைசென்ஸ் வேண்டும், மாற்றித்தர மாட்டார்கள். தற்காலிக லைசென்ஸ், எழுத்துப் பரீட்சை, ஓட்டப் பரீட்சை என்று முதலிலிருந்தே வர வேண்டும். லண்டனுக்குள் படிக்கிற பிள்ளைக்கு பஸ்ஸும் நிலக்கீழ் ரயிலும் போதும், கார் வைத்தால் இன்சூரன்ஸே அவனை விழுங்கிவிடும். அந்தக் காசை முதல் மாத அறை வாடகைக்குக் கொடுத்து அனுப்புங்கள். படிப்பு முடிந்து வேலைக்குக் கார் தேவைப்பட்டால் அங்கேயே பழகட்டும், கியர் காரிலேயே ஓட்டப் பரீட்சைக்குப் போகட்டும். ஓட்டோமற்றிக்கில் சித்தியடைந்தால் பிறகு கியர் கார் ஓட அனுமதி இல்லை.