போட்டோ மென்பொருளை மூடிய பிறகும் கணினி ஏன் திணறுகிறது?

மென்பொருளை மூடியாயிற்று, ஆனாலும் மின்விசிறி இரைகிறது, கணினி சூடாகிறது. காரணம், பின்னணிச் செயல்பாடு. அதாவது, திரையில் ஜன்னல் எதுவும் இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்.

நீங்கள் மூடியது ஜன்னலை மட்டும்தான். புதிதாக 5,000 படங்களைச் சேர்த்திருந்தால், ஒவ்வொன்றையும் படித்து, சிறு முன்னோட்டப் படம் உருவாக்கி, முகங்களை ஒப்பிட்டு, பட்டியலில் பதிய வேண்டும். முக ஒப்பீடுதான் பெரிய சுமை. ஒவ்வொரு படத்திலும் லட்சக்கணக்கான புள்ளிகளை அலச வேண்டியிருக்கிறது. ஷட்டரை இறக்கிய கடைக்குள் ஆட்கள் இன்னும் சரக்கு அடுக்கிக்கொண்டிருப்பதைப் போலத்தான் இது. மேக் கணினியின் போட்டோஸ் செயலி, தன்னை மூடியிருக்கும் நேரத்தில்தான் இந்த முகம் தேடும் வேலையைச் செய்கிறது.

சரி, என்ன செய்யலாம்? மின் இணைப்போடு ஓர் இரவு விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தானே அடங்கிவிடும். நாள்கணக்கில் நீண்டால், பழுதான ஒரு படத்தில் அது சிக்கியிருக்கலாம். அப்போது, ஓடும் நிரல்களைப் பட்டியலிட்டுக் காட்டும் கருவி வழியாக (விண்டோஸில் டாஸ்க் மேனேஜர், மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டர்) அந்த நிரலை நிறுத்துங்கள்.

வைரஸ் புகுந்துவிட்டது என்று பலர் பயந்துவிடுகிறார்கள். ஓடுவது அந்த மென்பொருளின் சொந்த நிரல்தான் என்றால், அது வைரஸ் அல்ல, முடியாமல் மிச்சமிருக்கும் வேலை.