ஃப்ரிட்ஜில் வைத்த பாஸ்தா சாலட் ஏன் விறைத்துப் போகிறது?

கேள்வி: வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று எலுமிச்சைச் சாறு ஊற்றி பாஸ்தா சாலட் செய்து, முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன். காலையில் எடுத்தால் பாஸ்தா விறைத்து, வறண்டு, சப்பென்று இருக்கிறது. புதினாவும் நிறம் மாறிவிடுகிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: சூடாகச் சாப்பிடும் பாஸ்தாவின் கணக்கிலேயே இதையும் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பல்லில் லேசாகத் தட்டுப்படும் பதத்தில் இறக்கச் சொல்வார்கள் இல்லையா, அது சூட்டுக்குத்தான் சரி. வெந்த மாவுச்சத்து குளிரில் மறுபடி இறுகும் (பழைய சாதம் ஃப்ரிட்ஜில் விறைப்பதும் இதனால்தான்), அதனால் பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாக வேகவிடுங்கள். 200 கிராமுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், 20 கிராம் உப்பு. தண்ணீரில் உப்புக் குறைந்தால் பிறகு மேலே எவ்வளவு தூவினாலும் உள்ளே இறங்காது. ஸ்பகெட்டி வேண்டாம், கட்டிக்கொள்ளும். ஃபுசில்லி மாதிரி முறுக்கு உள்ளது வாங்கினால் சாறு அந்த மடிப்புகளில் தங்கும்.

வடித்ததும் குளிர்ந்த தண்ணீரில், வெதுவெதுப்பு முழுக்கப் போகாதபடி, ஒரே ஒரு அலசு அலசி நன்றாக வடியவிடுங்கள். சூடான பாஸ்தாவை அலசக் கூடாது என்பார்கள், சாலட்டுக்கு அந்த விதி பொருந்தாது. மேலே ஒட்டியிருக்கும் கஞ்சி போனால்தான் உதிரியாக இருக்கும்.

இப்போது சாறு. மூன்று டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, இரண்டு டேபிள்ஸ்பூன் ஆரஞ்சுச் சாறு, ஐந்து டேபிள்ஸ்பூன் எண்ணெய், அரை டீஸ்பூன் கடுகு விழுது, கொஞ்சம் தேன், உப்பு, மிளகு, எல்லாவற்றையும் மூடி போட்ட பாட்டிலில் ஊற்றிக் குலுக்கினால் போதும். கடுகு விழுது காரத்துக்காக இல்லை, எண்ணெயும் சாறும் சட்டென்று பிரியாமல் பிடித்துவைக்க. வெறும் ஆரஞ்சில் புளிப்பு போதாது. சாத்துக்குடிச் சாறு நேரம் ஆக ஆகக் கசக்கும், அதை விட்டுவிடுங்கள். உண்மையான மணம் சாற்றில் இல்லை, தோலில் இருக்கிறது; பழத்தைக் கழுவி மேல்தோலை மட்டும் பொடியாகத் துருவிச் சேர்த்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். அடியில் உள்ள வெள்ளைப் பகுதி வரை போனால் கசப்பு வந்துவிடும்.

குலுக்கியதில் பாதியை பாஸ்தா வெதுவெதுப்பாக இருக்கும்போதே கலந்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், அது உள்ளே இழுத்துக்கொள்ளும். மீதியைப் பரிமாறுவதற்கு முன்னால் ஊற்றுங்கள். வறட்சிக்கு மருந்து இதுதான், இன்னும் எண்ணெய் ஊற்றுவது இல்லை. அப்புறம், குளிர்ந்த உணவில் உப்பும் புளிப்பும் நாக்குக்கு மட்டாகத்தான் தெரியும், அதனால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பிறகு ஒருமுறை ருசி பார்த்துச் சரிசெய்யுங்கள். ஆலிவ் எண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தால் பயப்பட வேண்டாம், பதினைந்து நிமிடம் வெளியே வைத்தால் இளகிவிடும்.

புதினா, கொத்தமல்லி எல்லாம் கடைசி நிமிடத்தில்தான். புளிப்பு பட்டால் பச்சையம் மங்கிப் பழுப்பாகிவிடும், பீன்ஸ், ப்ராக்கோலிக்கும் இதே கதிதான். வெள்ளரியை உப்பில் பிசிறிப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்து போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் விட்டுச் சாற்றை நீர்க்கச் செய்துவிடும்.

ஆபீசுக்கு எடுத்துப் போவதானால் ஐஸ் பேக்கோடு கட்டுங்கள். எலுமிச்சை ஊற்றியிருக்கிறதே, கெடாது என்று நம்பி வெளியே விடக் கூடாது. இரண்டு மணி நேரம்தான் தாங்கும், 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம். அதற்கு மேல் வெளியே இருந்ததைச் சூடுபடுத்தியும் காப்பாற்ற முடியாது, சில கிருமிகள் விடும் நச்சு சூட்டுக்கு அழியாது. ஃப்ரிட்ஜில் மூன்று நாள் வரை வைத்துச் சாப்பிடலாம்.